நூற்றேழாம் அறை வழியாக

கடற்கரை ஓட்டலின் நூற்றேழாம் அறைக்குள் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு மீன்காரி காலிக் கூடையோடு நுழைவாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே பதினோரு எட்டு வைத்து, எதிர்ப் பக்கத்தில் கடலுக்கு இறங்கிப் போவாள். எட்டரைக்கு நிறைந்த கூடையோடு அதே வழியில் திரும்புவாள். அந்த அறையில் முன்னும் பின்னும் மூன்றடிக்குச் சுவர் கிடையாது, திரைச்சீலைதான் தொங்கும்.

தீவில் முதல் ஓட்டல் வந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. நிற்காத மின்சாரம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, வெட்டியாகச் சுற்றிய பயல்களுக்கெல்லாம் சட்டைப் பையில் பேர் குத்திய வேலை வந்தது. பிறகு பதினாறு ஓட்டல் வந்தது. கடல் எந்தப் பக்கம் என்று உள்ளூர்க்காரனே விசாரிக்கிற நிலைமையும் வந்தது. பதினேழாவது ஓட்டல், குடியிருப்பிலிருந்து படகுத்துறைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தது. பாதை அசைந்து கொடுக்கவில்லை. அது போன இடத்தில் மட்டும் சிமெண்ட் பிடிக்காமல் மாவாக உதிர்ந்தது, இரும்புத் தகடு அடித்தால் விடிவதற்குள் கழன்று விழுந்தது. பொறியாளர் தலையில் கை வைத்தார். சரி, ஒரு ஆள் போகிற அகலம் விடுவோம் என்று நாடா பிடித்து அளந்து கட்டினார். மறுநாள் மேலே இரண்டு பக்கமும் இடிந்து கிடந்தது. “கூடையை மறந்துட்டீங்களே சார்” என்றார் கொத்தனார்.

மீன்காரியின் தங்கை அதே ஓட்டலில் அறை துடைக்கிறவள். ஊரில் பெரியவள், சின்னவள் என்றால் இவர்கள்தான். பெரியவளின் கூடையிலிருந்து கம்பளத்தில் சொட்டுகிற மீன் தண்ணீரைச் சின்னவள் ஆறு வருஷமாக முனகிக்கொண்டே துடைத்தாள். “உனக்கு வெக்கமே இல்லையாக்கா? அங்க புருஷன் பெண்டாட்டி தூங்குறாங்க” என்பாள். “நான் என்ன அவங்க கட்டில்லயா ஏறிப் படுத்தேன்? ஆனா அந்தப் பதினோரு எட்டுக்கு ஏசி ஜில்லுனு நல்லாத்தாண்டி இருக்கு” என்பாள் பெரியவள். பெரியவள் கொண்டு வருகிற மீனில் பாதியை வாங்குவதும் அதே ஓட்டல் சமையல்கட்டுதான். யாரை என்னவென்று திட்டுவது?

ஏழாம் வருஷம் புது மேலாளர் வந்தார். சின்னவளைக் கூப்பிட்டு, உன் அக்காவை நிறுத்து, இல்லையென்றால் நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் புருஷன் இடுப்பு போய்ப் படுக்கையில் கிடக்கிறான், மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் வேறு எங்கே போவாள்?

மறுநாள் காலை ஏழு அடிக்கும்போது சின்னவள் துண்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியை அறைக்குள் பாதையின் குறுக்கே நிறுத்தி, தானும் நின்றாள். செங்கல்லுக்கும் இரும்புக்கும் மசியாத வழி, சொந்த ஊர்க்காரியின் காலுக்கு மசிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், கடல் பக்கத்தில், சுவர் பால் ஆடை மாதிரி இரண்டு பக்கமிருந்தும் கூடி வந்தது. அலைச் சத்தம் நின்றே போனது.

“என்னடி இது?” என்றாள் பெரியவள்.

“நீ சுத்திப் போக்கா. உன் கால்ல விழுறேன், என் வேலை போயிடும்.”

“சுத்திப் போனா ஒன்றரை மணி நேரம். படகு எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?” பெரியவள் கூடையை இறக்கவில்லை. “நீ நில்லு, நான் தள்ள மாட்டேன். ஆனா ஒண்ணு, இனிமே உன் மக கடலைப் பாக்கணும்னா ரூம் போட்டுத்தான் பாக்கணும்.”

சின்னவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கியது. விட்டாள் ஒரு உதை, வண்டி குப்புற விழுந்து துண்டெல்லாம் சிதறியது. “போங்கடா நீங்களும் உங்க ஓட்டலும்!” என்று கத்திவிட்டு, கூடி நின்ற சுவரை நோக்கி அக்காவுக்கு முன்னால் நடந்தாள். சுவர் முன்னைவிட அகலமாகப் பொடிந்து தரையோடு உட்கார்ந்தது. ஆறு வருஷமாக அந்தத் தரையைத் துடைத்தவள் அன்றுதான் அதில் நடந்து கடலுக்குப் போனாள்.

அவள் வேலை போகவில்லை. இவளை வெளியே அனுப்பினால் வழி இன்னும் எவ்வளவு அகலுமோ, அதற்கு நான் பொறுப்பில்லை என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே அகலம் ஆறடி, இரண்டு ஆளும் இரண்டு கூடையும் தாராளமாகப் போகலாம். பக்கத்து ஓட்டல்களிலும் பழைய பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஒன்று நீச்சல் குளத்தின் நடுவே போகிறது, முழங்கால் நனையாமல் நடக்கலாம். பள்ளிக்கூடம் விட்டால் சின்னவளின் மகள் நூற்றேழு வழியாகத்தான் கடலுக்கு ஓடுகிறாள். அந்த அறை மேசையில் ஓட்டல்காரர்களே ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள்: ‘ஊர்க்காரர்கள் போகும்போது கால்களை மடக்கிக்கொள்ளவும்.’ வந்து தங்குகிறவர்கள் மடக்கிக்கொள்கிறார்கள்.