அரை கோல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது.

எங்கள் ஹாக்கி சங்கத்தின் செயலாளர் சலவைக்கடை வைத்திருப்பவர். புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தன்று வாசலில் கொடுக்கும் சிறப்பு மலருக்கு, 'போன வருஷ வெற்றியை நம் அணி மறுபடியும் சாதிக்குமா?' என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். அவர் கேட்டது கட்டுரை. நான் தருவது கதை. கட்டுரையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். என் வாயிலிருந்து வரும் உண்மையை இங்கே யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயிலில் பசுமையான திடல் பொன்னாக

(வேண்டாம். நம் திடலில் பசுமை கிடையாது. எதிரணி கோல் இருக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் புல் உண்டு. நம் ஆட்கள் அந்தப் பக்கமே போகாத வருஷங்களில் முளைத்தது. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்களே என்று கேட்பவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.)

இரண்டாம் தொடக்கம்: 'சலவைக்கடையில் ஆவி பறந்தது; விவாதமும் பறந்தது.'

இது பரவாயில்லை. ஒரு மாதமாக அங்கே வேறு பேச்சே இல்லை. இந்த வருஷமும் கோப்பை வருமா? வராது என்றார் மருந்துக்கடைக்காரர். முன்வரிசையில் நன்றாக ஓடியவன் வேலை மாற்றலாகிப் போய்விட்டான், இருப்பவர்கள் நன்றாக நடப்பவர்கள். வரும் என்றார் வேன் ஓட்டுநர். போன வருஷமும் இவர்கள் நடந்துதான் ஜெயித்தார்கள். கடைசியில் செயலாளர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். போன வருஷம் என்னவெல்லாம் செய்தோமோ, அதை ஒன்றுவிடாமல் அப்படியே செய்தால், போன வருஷம் வந்ததே மறுபடி வரும்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. வேனில் அவரவர் போன வருஷம் உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார வேண்டும். இறுதி ஆட்டத்தில் போட்ட சட்டைகளைத் துவைக்கக் கூடாது. பதினோரு அழுக்குச் சட்டைகள் ஒரு சலவைக்கடையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. அலமாரியைத் திறந்தால் அவை தாமாக நடந்து திடலுக்குப் போய்விடும்.*

* இந்தப் பகுதியில் நான் கூட்டிச் சொன்னது கடைசி வாக்கியம் மட்டும்.

3

அதே அலமாரியில் இன்னொரு பொருளும் இருக்கிறது. கோல்கீப்பர் இடது காலில் கட்டும் பேட். அதன் மேல் வார் அறுந்திருக்கிறது. இந்த வருஷமும் அதை அப்படியே கட்டிக்கொண்டுதான் ஆட வேண்டுமாம்.

கோல்கீப்பர் என் மாப்பிள்ளை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. லிஃப்ட் ஓடும் குழிக்குள் சுவரோடு பதித்த இரும்பு ஏணியில் எட்டு மாடி ஏறுவார், இறங்குவார், கூண்டின் உச்சியில் மண்டியிட்டு வேலை பார்ப்பார். போன வருஷ இறுதி ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது எதிரணிக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. மாப்பிள்ளை பாய்ந்தார். வார் அறுந்தது, பேட் சுழன்றது, பந்து வெறும் முட்டியின் பக்கவாட்டில் மோதி வெளியே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை.

இதுதான் நடந்தது. நான் சொன்னது வேறு.

நான் சொன்னது: வார் அறுந்ததால்தான் பந்து வெறும் முட்டியில் பட்டு இரண்டாக உடைந்தது. ஒரு பாதி கோலுக்குள் போனது, மறு பாதி வெளியே போனது. நடுவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, அரை கோல் செல்லாது என்று விசில் ஊதினார்.

ஒரு தடவைதான் சொன்னேன். (மூன்று தடவை.) (சலவைக்கடையில் மூன்று தடவை. மற்ற இடங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.) பத்து நாளில், பாதிப் பந்தைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேர் கிளம்பிவிட்டார்கள்.

4

(இரண்டாம் பக்கம் வந்துவிட்டது. செயலாளர் நான் எழுதுவதில் முதல் பக்கத்தை மட்டும் படித்துச் சிரித்துவிட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவார். இனி மனம்விட்டுப் பேசலாம்.)

போன வாரம் சலவைக்கடைக்குப் போனேன். அந்த முட்டி இன்னும் வீங்குகிறது, மழைநாளில் மடங்க மறுக்கிறது, அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் ஏணியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். பேட்டுக்குப் புது வார் தைத்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை என்றேன்.

"வார் அறுந்ததாலதானே பெரியவரே ஜெயிச்சோம்" என்றார் செயலாளர். "நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னது பொய்யி."

கடையே சிரித்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரியவர் இப்ப உண்மை பேசுற மாதிரி ஒண்ணு எடுத்து விடுறாரு பாருங்க. இதுதான் இருக்கறதுலயே பெரிய புளுகு."

  அணி சாதிக்குமா, அணி சாதிக்குமா என்று ஒரு மாதம் தொண்டை வற்றப் பேசினார்களே, அணி என்றால் என்ன? இருபத்திரண்டு முட்டிகள். அதில் ஒன்று என் மகள் வீட்டில் சாய்வு நாற்காலியில் துணி சுற்றிக் கிடக்கிறது. அதைப் பற்றி ஒருவராவது வாய் திறந்தாரா? சட்டையின் நாற்றத்தைக்கூடப் பத்திரப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு மனிதனின் காலைப்

(இந்த வாக்கியம் வசவில்தான் போய் முடியும். மலரைக் குழந்தைகளும் படிப்பார்கள். விட்டுவிடுகிறேன்.)

5

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் மாப்பிள்ளைதான். 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை இரண்டாம் பகுதியிலேயே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் நம்புறாங்க மாமா" என்றார். "நான் வாரை மாத்தி, அன்னைக்குத் தோத்துட்டா? காலம் பூரா என்னைத்தான் சொல்லுவாங்க."

"கால் போனா?"

"அதுக்கு யாரும் என்னைச் சொல்லமாட்டாங்க."

 எழுபது வருஷமாக எதற்கும் ஒரு பதில் ஜோடித்து வைத்திருப்பவன், குனிந்து அந்த முட்டியைப் பார்த்தேன். என் மகள் உள்ளேயிருந்து வந்து ஒத்தடத் துணியை என் கையில் திணித்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"நீங்க கட்டின கதைதானேப்பா. நீங்களே அவுத்து விடுங்க."

அதற்காகத்தான் எழுதுகிறேன். அணி பற்றிய கட்டுரை அல்ல இது. ஒரு முடிச்சை அவிழ்க்கும் வேலை.

6

முடிவு ஒன்று: பெனால்டி கார்னர். பந்து வருகிறது. பேட் சுழல்கிறது. முட்டியில்

(எழுதமாட்டேன்.)

முடிவு இரண்டு: பந்து முட்டியைத் தொடாமல் போகிறது. ஜெயிக்கிறோம். எல்லோரும் மாப்பிள்ளையைத் தோளில் தூக்குகிறார்கள். அறுந்த வார் மறுபடி அலமாரிக்குள் போகிறது, அடுத்த வருஷத்துக்காக. யோசித்துப் பார்த்தால் இது முதல் முடிவைவிட மோசம்.

மூன்றாம் முடிவை எழுத என்னால் ஆகாது. நான் எழுதினால் அதையும் புளுகு என்பீர்கள். ஆகவே உங்களிடம் விடுகிறேன்.

மலரை உங்களுக்கு மூன்று மணிக்குக் கொடுத்திருப்பார்கள். ஆட்டம் நாலு மணிக்கு. மாப்பிள்ளை இப்போது உடைமாற்றும் அறையில், ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். போன வருஷமும் அங்கேதான் உட்கார்ந்தார். பேட் இந்நேரம் அவர் கைக்கு வந்திருக்கும். அவரைக் கட்டிப்போட்டிருப்பது செயலாளர் அல்ல. நீங்கள் நம்புகிறீர்கள் என்ற நினைப்பு.

போய் ஜன்னலைத் தட்டி, 'பந்து உடையலைங்க' என்று மட்டும் சொல்லுங்கள். முதல் ஆள் சொன்னால் சிரிப்பார். இரண்டாம் ஆள் சொன்னாலும் சிரிப்பார். எத்தனையாவது ஆளுக்குப் பேட்டைக் கழற்றி நீட்டுவார் என்று எனக்குத் தெரியாது.

டிக்கெட் மேசைக்குப் பக்கத்தில் கையில் புது வாரோடு ஒரு பெண் நிற்பாள். என் மகள். ஊசியில் நூல் கோத்துத்தான் வைத்திருக்கிறாள்.