ரங்காபி சித்தியின் மேட்டில் சாப்பிட்டவர்கள்

1

இந்தக் கதை சித்தியிடமிருந்து திருடியது. அவளுடைய அன்னாசி மேட்டில், அரசாங்கம் சமவெளியிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தோராப் அலி வேலி போட்டான். அவனுக்குப் பின்னாலேயே ராணுவ முகாமின் சுபேதார் வந்து, நிலத்துக்குக் காகிதம் கேட்டார். எங்கள் சக்மா மக்களின் மலையில் காடு திருத்தியவருக்கு நிலம்; காகிதத்துக்கு எங்கே போவது? பிஜு பண்டிகைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"மலைமேல் செஞ்சூரியன் விம்மி விம்மி" என்று தொடங்கினேன். சித்தி படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"சூரியன் எதுக்குடா அழுவுது? நெலம் என்னுது, நானே அழல."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

(சுபேதாரை முதலில் அரக்கனாக எழுதினேன். நிஜத்தில் அவர் தொப்பையும் ஏப்பமுமான மனிதர். பக்கத்து ஊர் எரிந்தபோது தண்ணீர் எடுக்கப் போனவர்களைத் தடுத்து நின்றவரும் அவர்தான். இரண்டையும் ஒரே ஆளுக்குள் அடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.)

3

பிஜு அன்று சித்தி பானையோடு மேட்டுக்கே போய்விட்டாள். மூன்று கல் வைத்து, பலாப்பிஞ்சு, பிரம்புக் குருத்து, கிடைத்த காயெல்லாம் போட்டு பாஜோன் கிளறினாள். அன்றைக்கு அழைப்பு என்பதே கிடையாது. அடுப்பு எரிகிற இடம் வீடு, வந்தவர் விருந்தாளி.

சிப்பாய்களோடும் தோராப் அலியோடும் விரட்ட வந்த சுபேதாரின் மூக்கில் வாசம் ஏறியது. பன்றி போட்டிருக்கிறாளா என்று கேட்டார்.

"பிஜு அன்னைக்கு நாங்க எந்த உசுரையும் கொல்றதில்ல சார். பயப்படாம உக்காருங்க."

துப்பாக்கிகள் வெட்கப்பட்டுத் தலை

[இந்த வாக்கியம் வேண்டாம். துப்பாக்கி எங்கே வெட்கப்பட்டது? மரத்தில் சாய்த்துவைத்தார்கள், அவ்வளவுதான்.]

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தோராப் அலி மறுபடியும் கிண்ணத்தை நீட்டினான். அவன் ஊரை ஆறு தின்றுவிட்டதாம். அவன்மேல் முழுசாகக் கோபப்பட முடியாதது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

சித்தி அவனிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"இன்னைக்கு எங்க சாப்பிட்டேன்னு வீட்டுல கேட்டா என்ன தம்பி சொல்லுவ?"

"ரங்காபி அக்கா வீட்டுலன்னு" என்றான், வாய் நிறையக் காயோடு.

சுபேதார் மெல்லுவதை நிறுத்தினார்.

4

முடிவு ஒன்று: சுபேதார் வாய்விட்டுச் சிரித்து வேலியைப் பிடுங்கச் சொல்கிறார். (இதைப் படித்ததும் சித்திதான் வாய்விட்டுச் சிரித்தாள்.)

முடிவு இரண்டு: அவர் பூட்ஸ் காலைத் தூக்கி அடுப்பை

என்னால் முடியவில்லை. எழுதினால் நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

நிஜத்தில் என்ன நடந்தது என்று சித்தியிடமே கேட்டேன். சுபேதார் கை கழுவிவிட்டு, நாளை வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனாராம்.

அந்த நாளை இன்றுதான். ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்கிறது. நீங்களோ, இதைப் படிக்கிற சாக்கில், யாரும் கூப்பிடாமலே மேட்டில் வந்து உட்கார்ந்து, கிண்ணத்தையும் வழித்துவிட்டீர்கள். எங்கள் பேச்சை அவர் ஏற்கமாட்டார், உங்களைத்தான் கேட்பார். வாயைத் துடைத்துக்கொண்டு சொல்லுங்கள்: யார் வீட்டில் சாப்பிட்டீர்கள்?