ராஜாவின் துண்டு

"இன்னும் வெரசா எடுக்கணும்யா. நெனச்சு நெனச்சு எடுக்கக் கூடாது. தானா வரணும்" என்று வீரையன் தன் தோளில் கிடந்த துண்டை உருவி இடுப்பில் சுற்றிக் காட்டினான். எதிரே நின்ற ஜெக்கரியாவுக்கு அது வரவே இல்லை. அவன் தஞ்சாவூர் வக்கீல் வீட்டுப் பையன். முத்தமிழ் விழா நாடகத்தில், அரசனிடம் வழக்குச் சொல்ல வரும் குடியானவன் வேஷம் அவனுக்கு. துண்டை எடுக்கச் சொன்னால் வியர்வை துடைக்கப் போகிறவன் மாதிரி எடுத்தான். குனியச் சொன்னால் கீழே விழுந்த பேனாவைத் தேடுகிறவன் மாதிரி குனிந்தான். ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து வீரையனுக்கு இதுவே வேலையாகிவிட்டது. அரசன் வேஷம் போடுகிற அவன், தன் வசனத்தை விட்டுவிட்டு, துண்டை எடுத்துக் கட்டுவதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான்.

வேஷங்களைப் பிரித்தவர் தமிழ் விரிவுரையாளர் பஞ்சநதம். நாடகம் எழுதியவரும் அவர்தான். டீக்கடையில்கூட "சூடாக, சுவையாக, சுருக்காக ஒன்று" என்று கேட்கிறவர். "பிறப்பால் எவனும் அரசன் இல்லை தம்பி, குரல் எவனுக்கு இருக்கிறதோ அவனே அரசன்" என்று அவர் முதல் நாள் சொன்னபோது வீரையனுக்குப் புல்லரித்தது. புதிய ஆட்சி வந்த பிறகு அந்த ஊருக்குக் கிடைத்த கல்லூரி அது. பெயர்ப்பலகை வந்துவிட்டது, கட்டடம்தான் வரவில்லை. மிராசுதார் வைத்தியலிங்கத்தின் பழைய அரிசி ஆலையில் வகுப்புகள் நடந்தன. நெல் அடுக்கிய கிடங்குதான் விழா மண்டபம். எவ்வளவு கழுவினாலும் புழுங்கல் வாடை போகாது. வீரையனின் அப்பா காத்தான் அந்தக் கிடங்கில் பல வருஷம் மூட்டை சுமந்திருக்கிறார். மகன் அங்கே பி.ஏ. சரித்திரம் படிக்கிறான் என்பதை அவர் இன்னும் சரியாக நம்பவில்லை என்றே தோன்றும்.

விழா நெருங்க நெருங்க வீரையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாடகம் மட்டும் காரணமில்லை. அவன் ஊரில் தை அறுப்பு பாதியில் நின்றிருந்தது. கூலி நெல்லைக் கூட்டித் தராமல் வயலில் இறங்குவதில்லை என்று தெரு முழுவதும் கொடியை நட்டு உட்கார்ந்துவிட்டது. வெளியூர் ஆட்களை இறக்கப் போவதாகப் பண்ணையில் பேச்சு. முற்றிய கதிர் வயலிலேயே உதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் தாசில்தார் இரு தரப்பையும் கூப்பிட்டிருந்தார். விழாவுக்கு மறுநாள் காலை தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. பண்ணைத் தரப்பில் வைத்தியலிங்கமே வருகிறார். தெருவின் சார்பில் யார் பேசுவது என்று கூடிப் பேசியபோது, எல்லோரும் வீரையனைத்தான் சொன்னார்கள். படித்த பிள்ளை, பயப்பட மாட்டான் என்றார்கள். பயமில்லை என்று அவனும் சொல்லிவிட்டு வந்தான். பண்ணையில் மாடு மேய்த்த காலத்துக்குப் பிறகு அவன் அந்த மனிதரின் எதிரில் நின்றதே இல்லை என்பது அன்றிரவு படுத்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. ஹாஸ்டல், பிறகு கல்லூரி என்று எட்டவே இருந்துவிட்டான்.

விழாவுக்குத் தலைமையும் அதே வைத்தியலிங்கம்தான். கிடங்கு அவருடையதாயிற்றே.

விழாவன்று மத்தியானமே காத்தான் வந்துவிட்டார். வேலை நின்றிருந்ததால் தெருவிலிருந்து இன்னும் நாலைந்து பேர் கூட வந்திருந்தார்கள். காத்தான் வெளுத்த வேட்டியும், தோளில் புதுத் துண்டுமாக இருந்தார். சட்டைதான் இல்லை. வீரையன் அவரை ஆலைக்குப் பின்னால் தனியாக அழைத்துப் போனான். முகத்தில் பாதி அரிதாரம் பூசியிருந்தது.

"யப்பா, ஒண்ணு சொல்றேன். பண்ணை வருவாரு. நீ துண்ட எடுக்கக் கூடாது."

"வேணும்னா எடுக்குறேன்? பழகுன கை தம்பி. அவரு செருப்பு கிறீச்சுங்கிற சத்தம் கேட்டா அது பாட்டுக்குப் போயிருது."

"அது ஒன் கைதான? ஊரான் கையா? நம்ம தெருவுல சின்னப் பயலுவோகூட இப்பல்லாம் எடுக்குறதில்ல. இன்னிக்கு அவரு முன்னால நீ துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னீன்னா, நாளைக்கு அவரு எதிர்ல நாற்காலியப் போட்டு நான் எந்த மூஞ்சியோட ஒக்காருவேன்? சிரிக்க மாட்டாரா?"

காத்தான் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார்.

"முடியாதுன்னா இப்பவே ஊருக்குப் போயிரு."

"நீ ராசாவா வர்றதப் பாக்க வேணாமா?" என்றார் காத்தான்.

வீரையன் கோபமும் வெட்கமுமாகத் திரும்பி நடந்துவிட்டான். அரிதாரம் பூசுகிறவரிடம் மறுபடி போய் உட்கார்ந்தபோது முகம் வியர்த்து, பூசியதெல்லாம் கரைந்திருந்தது. அவர் வாய்க்குள் திட்டிக்கொண்டே முதலிலிருந்து பூசினார்.

நாலு மணிக்கு வரவேண்டிய தலைவர் வரவில்லை. கல்லூரி முதல்வர் கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விழாவைத் தொடங்கினார். பேச்சுப்போட்டி முடிந்தது. கவியரங்கில் ஐந்து பேர் காவிரியை ஐந்து விதமாகத் தாய் என்றார்கள். முன்வரிசை நடுவில் போட்டிருந்த சோபா காலியாகவே கிடந்தது. ஆசிரியர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் அதன் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். வீரையன் திரையை விலக்கி விலக்கிச் சோபாவைப் பார்த்தான். வராமலே போய்விட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தான். மறுகணமே, வரட்டும், வந்து பார்க்கட்டும், பட்டும் கிரீடமுமாக நான் நிற்பதைப் பார்த்துவிட்டு நாளைக்கு என்னிடம் பேசட்டும் என்று மனசு திமிறியது. கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் அப்பாவும் தெரு ஆட்களும் நின்றார்கள். காலியாகப் பெஞ்சு கிடந்தும் யாரும் உட்காரவில்லை. அது வேறு அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

திரை விலகியது. படுக்கை விரிப்பு போர்த்திய முதல்வர் நாற்காலியில் அரசனாக வீரையன் வீற்றிருந்தான். தோளில் ஊசி குத்திய சிவப்புப் பட்டு. ஜெக்கரியா உள்ளே வந்தான். வந்தவன், இத்தனை நாள் வராததை அன்றைக்கு அச்சாகச் செய்துவிட்டான். துண்டு தோளிலிருந்து வழுக்கி இடுப்புக்கு வந்தது, முதுகு தானாக வளைந்தது. பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது. இனி அரசன் எழுந்து பேச வேண்டும். பஞ்சநதம் எழுதியதிலேயே அவருக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 'குனியாதே! என் அவையில் எவனும் துண்டை இடுப்பில் கட்ட வேண்டாம். நெல்லை நட்டவனே, நெஞ்சை நிமிர்த்து! நிமிர்ந்து நில்!'

வீரையன் எழுந்தான். கையை உயர்த்தினான். "குனியாதே!" என்ற அவன் குரல் கிடங்கின் தகரக் கூரையில் போய் மோதியது.

பக்கவாட்டுக் கதவில் செருப்பு கிறீச்சிட்டது. வைத்தியலிங்கம் உள்ளே வந்தார். முன்வரிசைகள் சரசரவென்று எழுந்தன. மேடையில் வீரையனின் வலது கை இடது தோளுக்குப் போனது. ஊசி தெறித்து விழ, பட்டு உருவிக்கொண்டு வந்தது. இடுப்பில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. ஜெக்கரியாவுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே, கொஞ்சமும் நினைக்காமல், வெகு சுத்தமாகச் செய்து முடித்திருந்தான்.

வைத்தியலிங்கம் மேடையை ஏறிட்டார். களத்துமேட்டில் செய்வதுபோல இடது கையை லேசாக அசைத்து, இரு இரு என்று காட்டிவிட்டுச் சோபாவில் அமர்ந்தார். கிரீடம் வைத்த ஒருவன் தனக்காகத் துண்டைக் கட்டியதில் வித்தியாசமாக எதுவும் அவருக்குப் படவில்லை. அந்தக் கையசைவைப் பார்த்த பிறகுதான் வீரையன் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான். உடம்பெல்லாம் தீப்பற்றியது போலிருந்தது. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். மாணவர் பக்கம் சிரிப்பு வெளிப்படையாகவே கிளம்பியது. "வசனம், வசனத்தச் சொல்லுங்க தம்பி" என்று திரைமறைவில் பஞ்சநதம் அடுக்குமொழியெல்லாம் மறந்து தவித்தார். ஜெக்கரியா குனிந்த முதுகை நிமிர்த்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

நாளைக்குத் தெரு முழுவதுக்கும் பேச வேண்டியவன் நான். வீரையனுக்கு அழுகை வந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கடைசிச் சுவரைப் பார்த்தான். தெரு ஆட்களில் ஒருவருக்குத் துண்டு பாதி இறங்கியிருந்தது. இன்னொருவர் கட்டியே முடித்துவிட்டார். காத்தானின் துண்டு மட்டும் தோளில் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. இரண்டு முனைகளையும் மார்புக்கு நேரே இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். முழங்கை வரை நரம்பு புடைத்திருந்தது. மிரண்ட மாட்டின் கயிற்றைப் பிடிப்பது போன்ற பிடி. கண் மட்டும் மகன் மேல் இருந்தது.

வீரையன் முடிச்சை அவிழ்த்தான். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. பட்டைத் தோளில் போட்டான். ஊசியில்லாத பட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி போட்டான், மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை இரண்டு முனைகளையும் மார்புக்கு நேரே கொண்டுவந்து இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டான். சோபாவில் வைத்தியலிங்கத்தின் முகம் நிமிர்ந்தது. யார் வீட்டுப் பிள்ளை இவன் என்பதுபோல இப்போதுதான் அவனை உற்றுப் பார்த்தார்.

"நிமிர்ந்து நில்" என்றான் வீரையன். அடித்தொண்டையிலிருந்து வந்த குரல் உடைந்திருந்தது. கடைசி வரிசை வரை கேட்டிருக்காது. பட்டின் முனைகள் இன்னும் அவன் பிடியிலேயே இருந்தன. தூரத்தில், சுவரோரம், காத்தானும் இன்னும் துண்டை விடவில்லை.