ரங்கம்மாவின் பெட்டி போட்ட சத்தம்

பாகலூர் சாலையில் ராகி மில்லுக்கு அடுத்த கடை ரங்கம்மாவுடையது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கம்பெனி வாசலில் ஒட்டுகிற நோட்டீஸ் என்று எதுவானாலும் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கம்ப்யூட்டரில் அடித்து பிளாப்பியில் போட்டுக் கொடுத்துவிடுவாள். பிரஸ்காரர்கள் அதை வாங்கி அச்சடித்துக்கொள்வார்கள். ஒசூரில் மாமனார் ஒரு பாஷை, மருமகன் ஒரு பாஷை என்று இருப்பது சாதாரணம். அதனால் அவளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பெங்களூரில் ஏதோ ஆபீசில் வேண்டாம் என்று கழித்துக் கட்டியது. அவள் கணவன் ஆஞ்சப்பன் போய்ப் பார்த்து வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். அத்திப்பள்ளி தாண்டும்வரை யாரையும் பக்கத்தில் இடிக்க விடவில்லையாம். வந்து இறக்கியதும், "பத்தரமா கொண்ணாந்துட்டேன் புள்ள!" என்று அவன் போட்ட கூச்சலில் ராகி மில்காரர் எட்டிப் பார்த்தார். ஆஞ்சப்பன் பேச்சே அப்படித்தான். அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் புதிதாக வந்தவர்கள், புருசன் பெண்டாட்டிக்குள் தினமும் சண்டை போல என்று நினைத்துக்கொள்வார்கள். சண்டையெல்லாம் இல்லை. 'குழம்பு நல்லா இருக்குது' என்பதைத்தான் அவன் அந்தக் குரலில் சொல்லிக்கொண்டிருப்பான்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் மாசி மாதம் அந்தப் பெட்டி சத்தம் போட ஆரம்பித்தது. பின்பக்கம் உள்ளே ஒரு சின்ன ஃபேன் உண்டு. உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அதற்கு வேலை. முதலில் கொசு ரீங்காரம்போல மெல்லியதாக இருந்தது, பத்து நாளில் 'கீ' என்று காதைக் குடைகிற இழுப்பாக மாறிவிட்டது. ராகி மில் ஓடுகிறவரை தெரியாது. மில் நின்றால் போதும், ரங்கம்மாவுக்குப் பல் கூசும். 'ஸ்ரீ' அடிக்க வேண்டிய இடத்தில் வேறு எதையாவது அடித்துவிடுவாள்.

ஒரு நாள் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த ஆஞ்சப்பனிடம், "மாமா, இந்தப் பொட்டிய வந்து கேளுங்க. மண்டைய பொளக்குது," என்றாள்.

அவன் குனிந்து பெட்டியின்மேல் காதை வைத்தான். கொஞ்சநேரம் அப்படியே இருந்தான்.

"ஒண்ணுமில்லயே. நல்லாத்தான ஓடுது!"

"என்னா மாமா, இம்மா சத்தம் போடுது, ஒண்ணுமில்லன்றீங்க?"

"புதுசா பாக்கறதனால ஒனக்கு அப்டி தோணுது. நீ வேலயப் பாரு."

ரங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. இதைப்போல இவன் எதையும் தட்டிக்கழிக்கிறவன் இல்லை. ஒரு நாள் தலைவலி என்று சொன்னால் மறுநாளும் கேட்பான். சாயந்தரமானால் அடுப்படியில் அவளோடு வந்து நின்றுகொண்டு, குக்கரையே பார்த்தபடி, ஆவி பறந்தால் அடுப்பை அணைப்பது அவன்தான். அப்படிப்பட்டவன் இதை மட்டும் அலட்சியம் செய்கிறானே என்று அவளுக்கு மனத்தாங்கல். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து கனமான துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நான்காக மடித்துப் பெட்டியின் முதுகை மூடி, சுவரோடு சேர்த்து நெருக்கித் தள்ளிவைத்தாள். சத்தம் அமுங்கியது. அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி மறுநாள் மத்தியானம்வரைதான். மத்தூரிலிருந்து சென்னகிருஷ்ணன் என்கிற விவசாயி பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். மாப்பிள்ளை வீடு தெலுங்கு. தமிழ்ப் பக்கம் முடிந்து, தெலுங்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு வந்தபோது திரை அப்படியே நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தியும் அசையவில்லை. கண்ணெதிரே கறுத்து அணைந்துபோனது.

துண்டை எடுத்துப் பெட்டியைத் தொட்டவள், இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னாம்மா ஆச்சு?"

"சூடு ஏறிப்போச்சுங்க. தமிழ்ப் பக்கத்த பிளாப்பில ஏத்திட்டேன். தெலுங்குதான் போச்சு."

சென்னகிருஷ்ணன் சிரித்தார். "எங்க ஊட்ல பம்புசெட்டு மோட்டாரும் இப்டித்தான். சூடாயிட்டா மாட்ட நெழல்ல கட்டற மாதிரி கொஞ்ச நேரம் உட்டுறணும். நா வெள்ளிக்கெழம வர்றேன். பொண்ணு பேரு தப்பில்லாம வந்தா போதும் தாயி."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட ரங்கம்மாவுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. வீட்டுக்குப் போய் ஆஞ்சப்பனிடம் நடந்ததைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

ஆஞ்சப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் கோவிந்தப்பனைப் பிடித்து விவரம் கேட்டுக்கொண்டு வந்தான். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், உடனே உள்ளே கை வைக்கக் கூடாது, ஆறவிட வேண்டும். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத்தாளை உரித்தால் தண்டு தெரியும், அதில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவனுக்கு லீவு. காலையிலேயே கடைக்கு வந்துவிட்டான். பக்கத்துத் தையல்கடையில் மெஷின் எண்ணெய் வாங்கிக்கொண்டு, வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் பெட்டியை வைத்துத் திறந்தான். உள்ளே பார்த்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராகி மாவு! மில்லிலிருந்து பறந்து வந்த மாவும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளிலும் காற்றுப் போகிற சந்துகளிலும் கம்பளிபோல அப்பிக் கிடந்தது.

"அடிப்பாவி, இத வச்சி ஒருவேள களி கிண்டலாம் போலக்கீது!"

ரங்கம்மாவுக்கு நான்கு நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரிப்பு வந்தது.

பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு சந்தாகத் துடைத்தான். ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டு விரலால் சுற்றிப் பார்த்தான். கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் பதினோரு வருஷம் மெஷினில் இரும்புத் தகடு அடித்துக் காய்த்துப்போன கை அது. அந்த விரல்கள் இவ்வளவு மெதுவாக ஒரு பொருளைத் தொடும் என்பது அவளுக்கு ஒன்றும் புதிதில்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் பூட்டி, பெட்டியைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிவைத்து ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஓடியும் பெட்டி வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. ஆனால் மில் சாப்பாட்டுக்கு நின்றதும் 'கீ' என்று அதே இழுப்பு, கொஞ்சம் குறைந்து, கேட்டது.

"இன்னும் கத்துதே மாமா."

"எங்க கத்துது? நின்னுபோச்சு!"

அப்படிச் சொல்லும்போது அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்தான். ரங்கம்மாவுக்குள் ஏதோ ஒன்று தட்டியது. தட்டியதும், பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்ன விஷயங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது. அலாரம் அடித்தாலும் எழாமல், அவள் தோளைத் தொட்டால் எழுவது. கூச்சல்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி பிரஷ்ஷையும் ஸ்குரூடிரைவரையும் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவள் சத்தமில்லாமல் சுவிட்சை அணைத்தாள். கடைக்குள் ஈ பறந்தால் கேட்கும்போல அமைதியாகிவிட்டது.

"மாமா," என்றாள் சாதாரணக் குரலில்.

அவன் திரும்பவில்லை.

"மாமா, இப்ப சத்தம் இருக்குதா?"

அவன் அவற்றைத் துணியில் சுற்றிவைத்துவிட்டுத் தானாகத் திரும்பினான். அவள் நிற்கிற நிலையைப் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறாள் என்று ஊகித்துக்கொண்டு, "பாத்தியா, இப்பத்தான் நல்லா ஓடுது!" என்றான். அதற்குப் பிறகுதான் அவன் கண் அணைந்து கிடந்த திரையில் பட்டது.

ஆஞ்சப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு, அவளுக்குத் தெரிந்து முதல்தடவையாக, குரலைத் தணித்துப் பேசினான்.

"ரெண்டு வருசமாச்சி ரங்கி. மொதல்ல குருவி சத்தம் போச்சி. அப்பறம் அலாரம். தடிச்ச சத்தமெல்லாம் கேக்குது. ஆம்பளங்க பேசறது புரியுது. கீச்சுனு வர்றதுதான் ஒண்ணியும் விழறதில்ல. கம்பெனில தெரிஞ்சா வேலய உட்டு அனுப்பிருவாங்களோன்னு பயந்துக்கினு சொல்லல."

"எங்கிட்ட கூடவா?"

"ஒன் கொரலு பாதிதான் கேக்குதுன்னு ஒங்கிட்டயே எப்டி சொல்றது?"

ரங்கம்மா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"அப்ப அந்தக் குக்கரு? தெனமும் எங்கூட வந்து நின்னீங்களே, அது விசில் கேக்காதுன்னா?"

"அடுப்புமேல ஒரு கண்ணு வைக்கலாம்னுதான்." அவன் தலையைக் குனிந்தான். "ஒன்மேல ஒரு கண்ணு. ரெண்டுந்தான்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுவிட்சைப் போட்டாள். "வாங்க. கைய வைங்க. நா கேக்கறேன், நீங்க தொட்டுப் பாருங்க."

அவன் விரல் நுனிகளைப் பெட்டியின் முதுகில் வைத்து ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே போனான். மேல்மூடியை அழுத்தினான், அவள் இல்லை என்று தலையாட்டினாள். இடது பக்கம், இல்லை. ஃபேனுக்குக் கீழே வலது மூலையை அழுத்தியதும் இழுப்பு சட்டென்று நின்றது. அவள் கண் விரிந்ததை அவன் பார்த்தான்.

"இங்கதான் நடுங்குது. இந்த மூலைல ஸ்குரூவே இல்ல புள்ள! கழட்டறப்ப கவனிக்காம உட்டுட்டேன். வித்தவனே தொலச்சிருக்கறான்."

மூன்று ஸ்குரூவில் தொங்கிய ஃபேன் தகட்டில் உராய்ந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பழைய சைக்கிள் டியூபை நான்கு துண்டாக வெட்டி நான்கு மூலைக்கும் அடியில் கொடுத்து, புது ஸ்குரூ ஒன்று போட்டு இறுக்கினான். ஓடவிட்டபோது தூங்குகிற மனிதன் மூச்சுவிடுவதுபோல ஒரு காற்று மட்டுமே வந்தது. எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். மறுநாள் சென்னகிருஷ்ணனின் தெலுங்குப் பக்கம் ஒரே மூச்சில் முடிந்தது.

அதற்கடுத்த வாரம் ரங்கம்மா அவனைப் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவடைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்துச் சோதித்தார்கள். பிரஸ் மெஷின் சத்தத்தில் போனது திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பிரஸ் ஓடும் இடத்தை விட்டு விலகவேண்டும். வலது காதைவிட இடது காது தேவலை.

கம்பெனியில் சூப்பர்வைசர் கிருஷ்ணப்பனிடம் ஆஞ்சப்பன் டாக்டர் சீட்டை நீட்டினான். அவர் படித்துவிட்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" என்று திட்டினார். ஒரு மாதம் கழித்து, அச்சுகளை அடுக்கிவைக்கிற டை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். வேலையை விட்டு யாரும் அனுப்பவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ரங்கம்மா இடது பக்கத்து ஜன்னலோரத்தை அவனுக்குக் கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்து, அவன் இடது காது தன் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். சந்தாபுரம் தாண்டியதும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏன் மாமா, ரெண்டு வருசமா நா என்னா சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டினீங்களே, எத்தினி உங்க காதுல விழுந்துது?"

ஆஞ்சப்பன் முன் சீட்டுக் கம்பியைத் தடவினான்.

"பக்கத்தூட்டு நாராயணம்மா அக்காவுக்குக் கறவமாடு வாங்கறதுல நாமளும் பங்கு போடறோம்னு சொன்னனே?"

"என்னாது, மாடா?"

"ஆடி மாசம் எங்கம்மா சிங்காரப்பேட்டலருந்து வந்து மூணு மாசம் இருக்கப் போறாங்கன்னு சொன்னதுக்கு, 'பேஷா இருக்கட்டும்'னீங்களே?"

"மூணு மாசமா!"

அவன் போட்ட கூச்சலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ரங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்து, அவன் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, "இன்னம் இருக்குது, பொறுமையா கேளுங்க," என்று அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.