கோமளாவின் பங்கு

சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் ரெஜினாவும் கோமளாவும் கூட்டாக ரவிக்கை தைக்கும் கடை நடத்திவந்தார்கள். தோழிகளுக்குள் எதற்கு என்று, ஒப்பந்தம் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு நாள் கோமளா மாரடைப்பில் போய்விட்டாள்.

காரியம் முடிந்தபின் ரெஜினா வழக்கறிஞரைப் பார்த்தாள். "எழுத்துல எதுவும் இல்லைன்னா, பார்ட்னர் ஒருத்தர் இறந்ததுமே கூட்டு முடிஞ்சுபோச்சும்மா. அவங்க பங்கு குடும்பத்துக்குப் போகும். குடும்பம் கேட்டா, கடையை வித்தாவது கொடுக்கணும்," என்றார் அவர்.

கடையையே நம்பித் தையல்காரர்கள் இருந்தார்கள். ரெஜினா தோ பாயோவில் இருந்த கோமளாவின் வீட்டுக்குப் போய், அவள் கணவர் சுந்தரேசனிடம் வழக்கறிஞர் சொன்னதை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"கடையை மூடிட்டா அவ இன்னொரு தடவை செத்த மாதிரி லா. நீங்களே நடத்துங்க. அவ பங்கை மெல்லக் கொடுத்தா போதும்," என்றார் அவர்.

"சரிண்ணே," என்றாள் ரெஜினா. " ஆனா வாய்ப்பேச்சா வேண்டாம். நாளைக்கே வக்கீல்கிட்ட போய் எழுதிக்குவோம். நானும் ஒரு நாள் போயிடுவேன்ல."

சுந்தரேசன் தலையசைத்தார். சாவு வீட்டில் அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் ரெஜினாவுக்கு வந்தது.