நாலு கல்லில் எது

அர்ச்சுனனுக்கு வலது கையும் காலும் விழுந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பேச்சும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். சோறு வேணுமா என்றால் ஆமா. வேணாமா என்றாலும் ஆமா. ஒருநாள் அவர் மனைவி செல்வநாயகி பொறுக்கமாட்டாமல், "நான் யாரு, ஒங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். அதற்கும் ஆமா என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவருக்கு எல்லாம் விளங்குகிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

தாடிதான் பெரிய தொல்லை. கோணிப்போன வாயின் வலது ஓரத்தில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. முடிக்குள் அந்த ஈரம் தங்கித் தாடையில் புண் வைத்துவிட்டது. "முடிய எடுத்துட்டு மருந்து போடுங்கம்மா. சுகர் இருக்குது, புண்ண வளர விடாதீங்க" என்றார் டாக்டர்.

ஜங்ஷன் ரோட்டில் சலூன் வைத்திருக்கும் சக்கரபாணி வீட்டுக்கே வந்து பாதி பிளேடு போட்டு வழித்துவிட்டுப் போனார். மறுநாள் தாடை முழுக்கக் கொப்புளம். அது அடங்குவதற்குள் தாடி மறுபடி வளர்ந்துவிட்டது. அர்ச்சுனனுக்குப் பிளேடு எப்போதுமே ஆகாது. பீங்கான் கம்பெனியில் அச்சு ஊற்றும் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே மடக்குக் கத்தியால்தான் சவரம் செய்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து கத்தி தீட்டுவார். செல்வநாயகி உள்ளே கறி அலசிக்கொண்டிருப்பாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

அவர் விழுந்ததிலிருந்து அந்தக் கத்தி குழாயடியிலேயே கிடந்து மழையில் துரு பிடித்திருந்தது. எடுத்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. அவர் முனகினார்.

பரணில் இருந்த பிஸ்கட் டப்பாவில் நாலு கல் இருந்தன. சொரசொரப்பான சாம்பல் கல் அரிவாளுக்கு என்று அவளுக்கே தெரியும். மற்றவை ஒரு கறுப்புக் கல், ஒரு மஞ்சள் கல், கம்பெனியில் உடைந்த பீங்கான் தட்டை அவரே தேய்த்துச் சமமாக்கிய வெள்ளைக் கல். மூன்றையும் விரலால் தடவினால் ஒன்றுபோலத்தான் வழவழத்தன. ஒவ்வொன்றாக அவர் முன்னால் நீட்டினாள்.

"இதாங்க?"

"ஆமா."

"இல்ல, இதா?"

"ஆமா."

மூன்றாவதையும் காட்டினாள். அவர் இடது கை மூன்றுக்கும் மேலே அலைந்து, எதிலும் படாமல் மடியில் விழுந்தது.

திருப்பூரில் இருக்கும் மகள் ஜெயஸ்ரீ போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒருவன் நம்பர் போட்ட கற்களை வரிசையாக வைத்துத் தீட்டினான். இவள் கல்லில் நம்பர் ஏது.

கற்களைத் துணியில் சுற்றிக்கொண்டு சக்கரபாணியிடம் போனாள். அவர் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணு மொதல்ல தீட்டுற கல்லு, ஒண்ணு கடைசியில மெருகு ஏத்துற கல்லு. எது எதுன்னு எங்கப்பா இருந்தா சொல்லியிருப்பாரு. நான் தொழிலுக்கு வந்தப்பவே பிளேடுதாங்க. இதுல ஒண்ணு எண்ணெ போடுறது போல இருக்குது. மாத்திப் போட்டா கல்லு பாழாப்பூடும். அவரையே கேட்டுடுங்க."

"எல்லாத்துக்கும் ஆமாங்கிறாரு."

சக்கரபாணி கற்களைத் திரும்பத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "கத்தியோட முதுகும் வாயும் ஒண்ணா கல்லுல படணும். முதுகத் தூக்கிடாதீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு எதிரே மணைபோட்டு உட்கார்ந்தாள். கறுப்புக் கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்து இழுத்தாள். இரண்டு இழுப்புதான். "ஆமா, ஆமா, ஆமா" என்று அவர் கட்டிலைத் தட்டினார்.

"தப்பாங்க?"

"ஆமா."

"சரியா இருக்குதா?"

"ஆமா." அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கத்தியைத் திருப்பி மறுபக்கமாக இழுத்தாள். அதற்கும் தட்டினார். மஞ்சள் கல்லை எடுத்தாள், தட்டினார். வெள்ளைக் கல்லில் வைத்தபோது பேசாமல் இருந்தார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கை வலிக்கும்வரை தீட்டினாள்.

சோப்பு நுரை தடவி இடது கன்னத்தில் ஆரம்பித்தாள். கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று, முடி சுத்தமாக வந்தது. "பாத்தீங்களா" என்றாள். பல நாளைக்கு அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வலது பக்கத்துக்கு மாறினாள். அவர் அசையவே இல்லை. தோளில் போட்டிருந்த துண்டில் ரத்தம் சொட்டியதைப் பார்த்த பிறகுதான் வெட்டியது தெரிந்தது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி கிடையாது.

துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தியை ஜன்னலில் காட்டிப் பார்த்தாள். கத்தியின் வாய் முழுக்க ரம்பம்போலப் பொடிப் பொடியாகப் பல் விழுந்திருந்தது. கறுப்புக் கல்லால் வந்ததா, வெள்ளையாலா, தன் கையாலா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரத்தம் நிற்க அரைமணி ஆயிற்று. அர்ச்சுனன் கத்திக்காக இடது கையை நீட்டினார். அவள் மடக்கிக் கொடுத்தாள். பெருவிரலால் நெம்பினார், தொடையில் வைத்து அழுத்தினார், பல்லால் கடித்து இழுத்தார். ஒரு கையால் திறக்க வரவில்லை. கத்தியை அவளிடமே நீட்டி, திறந்து கொடு என்பதுபோலப் பார்த்தார். அவர் தீட்டத்தான் கேட்கிறாரா, வேறெதற்காவது கேட்கிறாரா? அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கத்தரிக்கோலை எடுத்துவந்து, எட்டிய மட்டும் நறுக்கினாள். புண்ணைச் சுற்றி இருந்ததைத் தொட முடியவில்லை.

மறுநாள் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காயத்தைத் துடைத்த நர்ஸ், "யாரும்மா இப்படி வழிச்சது?" என்று கேட்டாள்.

"நாந்தாங்க" என்றாள் செல்வநாயகி.