டேப் கழுத்தில் இருந்த நாள்

மன்னிப்பின் விலை பதினெட்டு அடி நீளம், நாலு அடி அகலம், அடர் சிவப்பு, சுத்தக் கம்பளி. அன்று காலை கம்பளக் கடை அக்காவின் கணக்கு அப்படித்தான் இருந்தது. கொள்முதல் விலையைக் கேட்டால் கேட்டவருக்குத் தலை சுற்றும். ஆனால் வியாபாரம் கடவுளோடு என்பதால் அக்கா கையை இழுக்கவில்லை. கடையிலேயே முதல் தரச் சரக்கை எடுத்துவிட்டாள். கம்பளத்தை ஜெபக்கூடத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பது. பதிலுக்கு எதிர்க்கடைத் தம்பியின் மனதைத் திருப்பி, அவனாகவே தெருவைக் கடந்து தன் வாசலுக்கு வரும்படி செய்ய வேண்டியது மேலிடத்தின் பொறுப்பு. கெடு, மதியம் வரை. மதியம் தம்பி கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்கு வண்டி ஏறுகிறான்.

கடைத்தெருவில் அக்காவுக்குக் கறார் என்று பெயர். தம்பிக்குப் போனாப்போகுது. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அல்ல, தொழில் வைத்தவை. அப்பா விட்டுப்போன கடையில் இரண்டு பேரும் சேர்ந்து வருஷக்கணக்காக ஒரு நாடகம் நடத்தினார்கள். வந்தவர் விலை கேட்பார். அக்கா சொல்வாள், கேட்டவர் முகம் தொங்கிப்போகும். உள்ளேயிருந்து தம்பி வருவான்.

"போனாப் போகுதுக்கா, ஆசையா கேக்குறாங்க. கொஞ்சம் பாத்துக் குடு."

"இவன் ஒருத்தன் போதும், கடைக்குப் பூட்டுப் போட!" என்று அக்கா கூரை பிய்ந்துபோகும்படி கத்துவாள். பாவம் இந்தப் பிள்ளை நமக்காகத் திட்டு வாங்குகிறதே என்று வந்தவர் மனசு இளகி, அவனுக்காகவே வாங்கிவிடுவார். இறங்கி வந்த விலைதான் அக்கா முதலிலேயே மனதில் வைத்திருந்த விலை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நாடகத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. அக்காவின் கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் மாலை மாதிரி தொங்கும். அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் நாடகம் ஆரம்பம். அதற்கப்புறம் அவள் என்ன திட்டினாலும் அது பொய். திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டால் நாடகம் முடிந்தது. இது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள், புது வீட்டுக்குக் கம்பளம் பார்க்கக் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். தம்பி வழக்கம்போல "போனாப் போகுதுக்கா" என்றான். அக்கா சொன்னாள்:

"நீ பேசாதே. உனக்கு எவன் வேலை குடுப்பான்? கூடப் பொறந்த பாவத்துக்கு நான் சோறு போடுறேன்."

வந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கம்பளத்தைச் சுருட்டிக் கட்டினான், தோளில் தூக்கிப்போய் அவர்கள் காரில் வைத்தான். கார் போயிற்று. அவன் கடைக்குள் திரும்பி வரவேயில்லை. சில மாதங்களில் எதிர்ச்சாரியில் அவனுடைய கம்பளக் கடை முளைத்தது.

"வியாபாரத்துக்குச் சொன்னதுங்க! தினம் தினம் சொல்றதுதானே? அவனுக்குத் தெரியாதா?" என்று அக்கா தெரு முழுக்கச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதிதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அக்கா மழைக்குக்கூட ஜெபக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள் என்று பேர் வாங்கியவள். ஆனால் போன வருஷம் ஒரு நாள் மழைக்குத்தான் ஒதுங்கினாள். கடைசி பெஞ்சில் ஈரச் சேலையோடு உட்கார்ந்தாள். மழை விட்டது; அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு வெயில் கொளுத்தியது, அன்றும் வந்தாள். பாட்டு வரிசையில் சேர்ந்தாள், ஞானஸ்நானம் எடுத்தாள், இயேசுவின் பேரைச் சொன்னாலே கண் கலங்கும் அளவுக்கு ஆனாள். ஆனால் பேரம் பேசும் புத்தி தண்ணீரில் முங்கினாலும் நனையாது போலிருக்கிறது.

ஆகவே அன்று காலை கைவண்டிக்காரரும் அவளுமாகக் கம்பளத்தை ஜெபக்கூடத்தின் நடுப்பாதையில் விரித்தார்கள். நாள்கணக்காகச் சுருண்டு கிடந்த சரக்கு. சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்த ஆள் மாதிரி நடுவில் தொப்பை வைத்துக்கொண்டு கிடந்தது. இப்படி இழுத்தால் தொப்பை அப்படிப் போனது. அப்படி இழுத்தால் இப்படி வந்தது. கைவண்டிக்காரர் வேர்வையைத் துடைத்தபடி கழன்றுகொண்டார்.

அப்போதுதான் பாஸ்டர் வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். தொப்பையில் கால் தட்டிச் சமாளித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா இது?"

"காணிக்கை, பாஸ்டர். ஆண்டவருக்கு. சும்மா தர்றேன்."

"சும்மாவா?" பாஸ்டர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "நீங்களா?"

"அட, ஒரு சின்ன விண்ணப்பம் இருக்கு" என்று அக்கா குரலைத் தழைத்தாள். "என் தம்பி இன்னைக்கு மதியம் ஊரை விட்டே போறான். அதுக்குள்ள அவனா வந்து என்கிட்டப் பேசணும். நீங்களும் மேல கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க."

பாஸ்டர் குனிந்து கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஓரமா வைக்கிறேன். காணிக்கை கொண்டுவந்த இடத்துல, நம்ம மேல சகோதரனுக்கு மனக்குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, அதை அப்படியே வச்சுட்டு முதல்ல அவன்கிட்டப் போன்னு இயேசு சொல்லியிருக்காரு. உங்களுக்கு ஞாபகம் வந்துருச்சே."

இனாமாகக் கொடுத்த சரக்கு திருப்பி விடப்பட்டது அக்காவின் வியாபார வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அசந்துபோனாள். ஆனாலும் பேரத்தை விடவில்லை.

"சரி, போன் போட்டுடறேன்."

"போகச் சொன்னாருக்கா."

"பாதித் தெரு நான் வர்றேன். பாதித் தெரு அவன் வரட்டும்."

"போகச் சொன்னாரு."

"அவன் சின்னவன், பாஸ்டர்! பெரியவ நான் இறங்கிப் போறதா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பாஸ்டர் சுருட்டுவதை நிறுத்தினார். "முறை பாத்திருந்தா கடவுள் இங்க இறங்கி வந்திருப்பாரா? நாமல்ல ஏறிப் போயிருக்கணும்?"

  அக்கா பக்கத்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போய் டேப்பைப் பிடித்துக்கொண்டது.

"இது கழுத்துல இருந்துச்சு, பாஸ்டர்."

"எது?"

டேப்பின் கதை முழுவதையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாத கதை. நடிப்பு என்று தெருவெல்லாம் சொன்னது பொய். அன்று டேப் கழுத்தில்தான் தொங்கியது. உண்மையாகவே சொன்னாள், உறைக்கட்டும் என்றே சொன்னாள். வருஷக்கணக்காகக் கெட்டவள் வேஷம் கட்டியவள் அவள். வருகிறவர்கள் எல்லாம் தேடுவது அவனை. 'தம்பி இல்லையா? அப்ப அப்புறம் வர்றோம்.' அந்த எரிச்சல் ஒரு நாள் வாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

"மன்னிப்புக் கேக்கப் போனா, முழு உண்மையும் சொல்லணும்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "சொன்னா அவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துவான். அதைத் தாங்க என்கிட்ட ஒண்ணும் இல்ல, பாஸ்டர். கை காலி."

"காலின்னு தெரிஞ்சுதான் அவர் முந்தியே கட்டிட்டாரு. சிலுவையில. நீங்க என்னடான்னா கட்டியாச்சுன்னு எழுதின பில்லுக்கு வாசல்ல நின்னு பேரம் பேசிட்டிருக்கீங்க. அவர் உங்களை மன்னிச்சாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"மன்னிச்சாரு."

"எவ்வளவு கழிச்சாரு?"

"கழிக்கறதா? மொத்தமும்ல மன்னிச்சாரு!" என்று சொன்னவள் சொன்ன வேகத்திலேயே நின்றுவிட்டாள். ஞாயிறுதோறும் வாய் வலிக்கப் பாடியதுதான். ஆனால் அந்த 'மொத்தமும்' என்பதற்குள் தம்பியைத் திட்டிய அந்த நாளும் அடக்கம் என்று இதுவரை அவளுக்கு உறைக்கவில்லை. கண்ணை மூடினாள். கம்பளத்தையும் காட்டவில்லை, கெடுவும் வைக்கவில்லை. "ஆண்டவரே, நான்தான் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான் ஜெபம். ஆனால் முழுச் சுருளைத் தனி ஆளாய் மாடி வரை சுமந்துபோய் இறக்கி வைத்தவளைப் போல் தோள் லேசாகிவிட்டது. சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. எதற்கு முதலில் இடம் விடுவது என்று முகத்துக்குத் தெரியவில்லை.

வெளியே எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"ஐயோ!" அக்கா எழுந்தாள். பை பெஞ்சிலேயே கிடந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ஐம்பதைத் தாண்டிய, பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் அக்கா, காய்கறித் தள்ளுவண்டியைச் சுற்றி, சைக்கிள் பழுது பார்ப்பவரின் கால்களைத் தாண்டி, "ஓரம் போ, ஓரம் போ!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். டேப் கழுத்தில் வால் மாதிரி பின்னால் பறந்தது. தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "கறார் ஓடுறா! எவனோ குடுக்காம ஓடிட்டான் போல!"

தம்பியின் கடை வாசலில் வண்டி நிறைந்து நின்றது. முன் இருக்கையில் தம்பியின் மனைவி. தம்பி கடைசிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது அவளுக்கு அது தெரிந்ததேயில்லை.

"டேய்" என்றாள், மூச்சு இரைக்க.

அவன் திரும்பினான். பார்த்தான். "என்ன வேணும் மேடம்? கடை மூடியாச்சு."

மேடம்.  பதற்றத்தில் அக்காவின் கை பழக்கப்படி டேப்பைக் கழற்றப் போனது. பாதி கழற்றியவள் சட்டென்று திரும்பக் கழுத்தில் போட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பாருடா. கழுத்துல இருக்கு. நடிப்பு இல்ல."

தம்பியின் விரல்கள் முடிச்சிலேயே நின்றன.

"அன்னைக்கும் கழுத்துலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன். உன்னை எல்லாருக்கும் புடிக்குதுன்னு வயித்தெரிச்சல்ல சொன்னேன். அப்புறம் நடிப்புன்னு தெருவெல்லாம் சொல்லி உன்னைப் பொய்யனாக்கினேன். அதுக்கும் சேத்து மன்னிப்புக் கேக்குறேன்."

 தம்பி கயிற்றைப் பார்த்தபடியே சொன்னான். "நான் பாத்தேன்க்கா. டேப்பை நான் பாத்தேன். நீ நடிப்புன்னு சொன்னப்பெல்லாம், எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சோன்னு எத்தனை ராத்திரி யோசிச்சிருக்கேன் தெரியுமா?"

"உன் கண்ணு சரிதான். என் வாய்தான் கெட்டது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய வியாபாரியாக ஒரு புருவத்தைத் தூக்கினான். "சரி. இதுல என் பங்கு எவ்வளவு? பாதியா, காலா?"

"ஒண்ணும் இல்ல. மொத்தமும் என் தப்பு."

"குறைக்க மாட்டியா?"

"ஒரு பைசா குறைக்க மாட்டேன்."

"ஏய், வந்து பாருங்கப்பா!" தம்பி தெருவைப் பார்த்துக் கூவினான். "கறார் முழு விலை குடுக்குறா!" கூவியவன் அப்படியே வண்டியின் பக்கத்தில் சாய்ந்துகொண்டு குலுங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் தையற்காரர் வாசல்வரை வந்துவிட்டார்.

அக்கா காத்திருந்தாள், அவனுடைய அந்த இரண்டு வார்த்தைக்காக. போனாப் போகுதுக்கா என்று சொல்லிவிட்டால் போதும்.

"போனாப் போகுதுன்னு சொல்ல மாட்டேன்" என்றான் தம்பி. "அது போகவே இல்லக்கா. இத்தனை வருஷமும் இங்கேயே இருந்து வலிச்சுது. வலிக்குதுன்னு வச்சுக்கிட்டேதான் சொல்றேன், மன்னிச்சேன். யார் சொல்லிக் குடுத்தா உனக்கு இப்படிப் பேச?"

"ஆண்டவர்தான். நான் ஜெபக்கூடத்துல ஒரு கார்பெட்டைக் குடுத்து உன்னை வாங்கப் பாத்தேன். அவர் வாங்கிக்கல. அதுவும் இப்ப அங்க பாதி சுருட்டி, பாதி தொப்பையோட கிடக்கு."

"தொப்பையா? யாரை வச்சு விரிச்சே?"

"கைவண்டிக்காரர்."

"அடப்பாவமே!" தம்பி கயிற்றை விட்டான். "டிரைவர் சார், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. டீக்காசு நான் கட்டுறேன்." இந்தத் தடவை இரண்டு பேருமாக ஓடினார்கள்.

ஜெபக்கூடத்தில் பாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலகி நின்று வழி விட்டார். அக்கா ஒரு முனை, தம்பி மறு முனை. சுருளைப் பிரித்து ஓரத்தை இடுப்புயரத்துக்குத் தூக்கினார்கள். இருவர் கண்ணும் சந்தித்தன. "ஒண்ணு..." என்றான் தம்பி. "போ!" என்றாள் அக்கா. ஒரே உதறல். அடியில் காற்று புகுந்து, சிவப்பு முழுக்க ஓர் அலை ஓடி, பீடத்தருகே போய் அடங்கியது. கம்பளம் தண்ணீர் போல் படிந்துகொண்டது. தொப்பை இருந்த இடம் எது என்று தேடினாலும் கிடைக்காது.

"அல்லேலூயா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பாஸ்டரின் கண்ணாடி நழுவியது.

வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது. அங்கே புதுக் கடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. தம்பி போய்த்தான் ஆக வேண்டும். "ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா, நீ பாட்டு எப்படிப் பாடுறேன்னு கேக்கணும்" என்றான். அக்கா முன் இருக்கையின் ஜன்னலுக்குப் போய் நின்றாள்.

"உன்கிட்டயும் கேக்கணும்மா."

தம்பியின் மனைவி நேராகச் சாலையைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு இன்னும் ஆறலை அண்ணி. அவர் தூங்காம உக்காந்திருந்ததைப் பாத்தவ நான். கேட்டது போதும். நேரம் குடுங்க."

"எடுத்துக்கோம்மா" என்றாள் அக்கா. பேரம் பேசவில்லை.

வண்டி தெருமுனையைத் திரும்பும்வரை நின்றுவிட்டுக் கடைக்கு வந்தாள். டேப்பைக் கழற்றி, மேஜைமேல் வைக்க மனமில்லாமல், ஆணியில் மாட்டினாள். அன்றைய கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்: கம்பளம் ஒன்று, போனது, திரும்பக் கேட்பதற்கில்லை. தம்பி ஒருவன், வந்தது. அதற்கு உண்டான விலை, வேறொருவர் கட்டியது. தம்பி மனைவி, பாக்கி.